தின்ற தடம்

எங்கள் வீட்டுப் பின்கட்டில் பழைய அம்மி ஒன்று கிடந்தது. நடுவில் குழிந்து, ஓரங்கள் மட்டும் மேடாக நின்ற கருங்கல். அரைத்து அரைத்து வழவழப்பானதும் பாட்டி அதை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, "கல்லு மழுங்கிடுச்சு, கொத்தணும்" என்பாள். அம்மி கொத்துகிறவர் தெருவில் வரும் நாளில் கல் திண்ணைக்கு வரும். உளி விழ விழப் புள்ளி புள்ளியாகக் குழிகள் விழும். அந்தக் குழிகள் இருக்கும் வரைக்கும் மிளகாய் மசியும், தேங்காய் விழுதாகும். மாதங்கள் போகப் போகக் குழிகள் மறையும். குழவி போய்வந்த திசையிலேயே மெல்லிய கோடுகள் படியும். அந்த வீட்டில் என்ன அரைபட்டது, எந்தப் பக்கமாகக் கை அழுந்தியது என்பதெல்லாம் கல்லிலேயே இருந்தது. படிக்கத்தான் எனக்கு அப்போது தெரியவில்லை.

குரங்கின் கடைவாய்ப்பல்லை நுண்ணோக்கியில் பெரிதாக்கி எடுத்த படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது அந்த அம்மிதான் கண்முன் வந்தது. அதே குழிகள், அதே கோடுகள். ஆனால் அந்தப் படத்தில் அடங்கிய இடத்தின் அளவைக் கேட்டால் வியப்பு வரும். இன்றைக்கு இத்துறையில் வழக்கமாக அளக்கப்படும் பரப்பு 276 மைக்ரான் நீளம், 204 மைக்ரான் அகலம். நான்கு தலைமுடிகளை ஒட்டி ஒட்டிக் கிடத்தினால் அந்த நீளம் வந்துவிடும். அவ்வளவு சிறிய நிலத்தில் ஓர் உயிர் எதைக் கடித்தது, எப்படிக் கடித்தது, அது விரும்பிய உணவா, வேறு வழியில்லாமல் தின்றதா என்பது வரைக்கும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்தின் அழகை நின்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பல்லின் வடிவத்தைக் கொண்டு உணவைச் சொல்வது பழைய வித்தை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கருமந்தி இலை தின்கிற முசு இனம். அதன் கடைவாய்ப்பற்களின் மேல் கூர்மையான இரண்டு வரப்புகள் குறுக்கே ஓடுகின்றன. மேல்வரப்பும் கீழ்வரப்பும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும்போது இலை கத்தரிபடுகிறது. பழந்தின்னிகளின் பற்களில் மேடுகள் தணிந்து உருண்டிருக்கும். பழத்தை நசுக்கினால் போதும், கத்தரிக்க வேண்டாம். பூச்சி தின்பவற்றுக்கு ஊசிபோன்ற முனைகள் வேண்டும். எல்லாம் சரி. ஆனால் வடிவம் சொல்வது அந்த விலங்கால் என்ன முடியும் என்பதைத்தான். அரிவாள்மனையைப் பார்த்தால் இது நறுக்குகிற பொருள் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். நேற்று அதில் நறுக்கியது வாழைக்காயா மீனா என்று அறிய அதன் விளிம்பை முகர வேண்டும். பல்லின் வடிவம் பிறப்போடு வந்தது. அதன் தேய்மானம் வாழ்ந்து வந்தது. இந்த இரண்டும் ஒத்துப்போகும் இடமும் அழகு, பிணங்கும் இடம் அதைவிட அழகு.

எழுத்தைப் பார்க்கும் முன் பலகையைப் பார்க்க வேண்டும். பல்லின் மேல்தோலான எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு கனிமம். எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும். எனாமலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதைக் கட்டிய செல்கள் பல் ஈறைக் கிழித்து வெளியே வருமுன்பே வேலையை முடித்துக்கொண்டு மறைந்துவிடுகின்றன. அதன்பின் விழுகிற கீறல் எதுவும் ஆறுவதில்லை. ஆறாத பொருளில்தான் எழுத்து நிற்கும். இயற்கை பல்லுக்கு மறுத்த வரம், படிக்க வந்தவருக்குக் கிடைத்த வரமாயிற்று.

இனி எழுதுகோல். தாடை மெல்லும்போது இரண்டு அசைவுகள் உண்டு. முதலில் கீழ்ப்பல்லின் மேடு மேல்பல்லின் சரிவில் உரசிக்கொண்டே ஏறி, அதன் குழியில் போய் அமர்கிறது. அடுத்து அந்தக் குழியிலிருந்து அழுத்தி அரைத்துக்கொண்டே விலகுகிறது. கத்தரித்தல், பிறகு அரைத்தல். இலையைத் தின்னும்போது என்ன நடக்கிறது? இலை கடினமானதல்ல, முரடானது. கிழிய மறுக்கும், வளைந்து கொடுக்கும், நொறுங்காது. அதை அறுக்கப் பற்கள் ஒன்றையொன்று நெருங்கி, ஒரே பாதையில் திரும்பத் திரும்ப வழுக்க வேண்டும். இடையில் சிக்கிய துகள் அந்தப் பாதை நெடுக இழுபடுகிறது. ஆகவே இலைதின்னியின் பல்லில் கோடுகள் ஒரே திசையில், சீப்பால் வாரியதுபோல ஓடுகின்றன. கொட்டையைக் கடிக்கும்போது கதை வேறு. கொட்டை வளையாது, உடையும். அதை உடைக்கப் பற்கள் நேருக்கு நேர் அழுந்த வேண்டும். அழுந்திய இடத்தில் குழி விழுகிறது. குழிக்கு மேல் குழி, பெரியதும் சிறியதும், எந்தத் திசையும் இல்லாமல்.

அரைத்தால் கோடு, இடித்தால் குழி. அம்மியும் உரலும் அறிந்த இந்த இலக்கணம் குரங்கின் வாய்க்குள்ளும் அப்படியே செல்லுபடியாகிறது. உணவின் இயல்பு தாடையின் அசைவாகி, அசைவு துகளின் பாதையாகி, பாதை எனாமலில் தடமாகிறது. ஓர் இலையின் முரட்டுத்தனம் மூன்று கை மாறி ஒரு கோட்டின் திசையாக வந்து நிற்கிறதே, அங்கேதான் எனக்கு முதல் மயக்கம்.

இந்த எழுத்து படிக்கத் தக்கது என்று உறுதியாக நிறுவிய ஆய்வு 1978-ல் சயன்ஸ் இதழில் வந்தது. ஆலன் வாக்கரும் அவருடைய தோழர்களும் எடுத்துக்கொண்டது குரங்கை அல்ல, ஹைராக்ஸ் என்ற சிறு விலங்கை. பார்க்க முயல்போல இருக்கும், உறவு யானையோடு. தான்சானியாவின் செரெங்கெட்டியில் ஒரே பாறைக்குன்றுகளில் இரண்டு வகை ஹைராக்ஸ்கள் கூடி வாழ்கின்றன. ஒன்று ஆண்டு முழுவதும் செடிகொடிகளின் தழை தின்னும். மற்றது மழைக்காலத்தில் புல் மேயும், கோடையில் தழைக்கு மாறும். ஒரே பாறை, ஒரே புழுதி, ஒரே வெயில். வேறுபாடு வாய்க்குள் போவதில் மட்டும். புல் மேய்ந்ததன் பல்லில் மெல்லிய கோடுகள் நெருக்கமாக ஓடின. தழை தின்றதன் பல் மெருகேறிக் கிடந்தது. புல் மேய்வது கோடையில் தழைக்கு மாறியபோது அதன் பல்லிலும் கோடுகள் தேய்ந்து மெருகு வந்தது. பருவம் மாறினால் பல்லின் முகம் மாறுகிறது. இதைவிடத் தூய்மையான சோதனையை இயற்கை தானாக அமைத்துக் கொடுக்காது.

உயிருள்ள குரங்குகளிடமும் இதைப் பார்த்தார்கள். கோஸ்டாரிகாவில் லா பசிபிகா என்ற இடத்தில் ஊளைக்குரங்குகள் வாழ்கின்றன. மார்க் டீஃபோர்டும் கென்னத் கிளாண்டரும் அவற்றை மயக்கிப் பிடித்து, வாயைத் திறந்து, பல்லைத் துடைத்து அச்செடுத்துவிட்டு மறுபடி காட்டில் விட்டார்கள். அதே குரங்கை மறுபடி பிடித்து மறுபடி அச்செடுத்தார்கள். அச்செடுக்கும் முறையே ஒரு பக்குவம். முதலில் பல்லைப் பஞ்சால் துடைக்க வேண்டும். எச்சிற்படலம் கொஞ்சம் மிஞ்சினாலும் கீறல்கள் மூடிப்போகும். பிறகு பல் மருத்துவர்கள் கட்டுப்பல் அளவெடுக்கப் பயன்படுத்துகிற அதே சிலிகான் பசையை அதன்மேல் இட வேண்டும். பசை இறுகியதும் உரித்தெடுத்து, அந்த அச்சில் எப்பாக்சி ஊற்றி வார்க்க வேண்டும். மைக்ரானில் அளக்கிற நுண்கீறல்கூட அந்த வார்ப்பில் அப்படியே இறங்கிவிடுகிறது. சிலை வார்க்கும் ஸ்தபதியின் கைவேலையை, மயக்கம் தெளிவதற்குள் காட்டின் நடுவே செய்து முடிக்க வேண்டும். குரங்கு எழுந்து தன் கூட்டத்தோடு போய்ச் சேரும். அது தின்ற இலைகளின் கையெழுத்து மட்டும் ஆய்வகத்துக்கு வரும்.

இப்படிப் பார்த்ததில் ஒன்று தெளிவாயிற்று. இந்தத் தடங்கள் நிலையானவை அல்ல. சில நாட்களிலோ வாரங்களிலோ பழைய கோடு தேய்ந்து மறைகிறது, அதன்மேல் புதிய கோடு விழுகிறது. ஆகவே ஒரு புதைபடிவப் பல்லில் நாம் காண்பது அந்த விலங்கின் வாழ்நாள் உணவை அல்ல, சாகுமுன் கடைசியாகத் தின்ற சில நாட்களின் உணவை. இதற்கு ஃபிரெடரிக் கிரைன் வைத்த பெயர் கடைசி இராப்போஜன விளைவு. ஏசு சீடர்களோடு அமர்ந்து உண்ட இரவை நினைவூட்டும் பெயர். இலட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரு மர நிழலில் தனியாக அமர்ந்து எதையோ மென்ற உயிரின் கடைசிச் சாப்பாட்டுக்கு, அது இருந்ததே தெரியாத ஓர் உலகம் இத்தனை மரியாதையான பெயரைச் சூட்டியிருக்கிறது.

தொடக்க காலத்தில் கோட்டையும் குழியையும் ஆய்வாளர்கள் கண்ணால் எண்ணினார்கள். நீளம் அகலத்தைவிட எத்தனை மடங்கு இருந்தால் கோடு, எவ்வளவு குறைந்தால் குழி என்று வரையறை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணுவது. ஒருவர் எண்ணியதும் இன்னொருவர் எண்ணியதும் பொருந்தாமல் போவதுண்டு. 2005-ல் ராபர்ட் ஸ்காட், பீட்டர் உங்கர் முதலியோர் நேச்சர் இதழில் வேறொரு வழியைக் காட்டினார்கள். பல்லின் பரப்பை ஒரு நிலப்படம்போல மேடு பள்ளத்தோடு முப்பரிமாணத்தில் அளந்து, அதிலிருந்து சில எண்களைப் பெற்றார்கள். அவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று பரப்பின் சிக்கல். தூரத்திலிருந்து பார்ப்பதைவிடக் கிட்டப்போய்ப் பார்க்கும்போது முரட்டுத்தனம் எவ்வளவு கூடுகிறது என்பதன் அளவு அது. மற்றது பரப்பின் திசையொழுங்கு. உழுத வயலுக்குத் திசை உண்டு, சிக்கல் இல்லை. மழைக்குப் பிறகு ஆடுமாடுகள் மிதித்த குளக்கரைக்குச் சிக்கல் உண்டு, திசை இல்லை. இலை தின்னும் ஊளைக்குரங்கின் பல் உழுத வயல். கொட்டை உடைக்கும் கப்புச்சின் குரங்கின் பல் மிதிபட்ட குளக்கரை.

அந்தக் கண்ணோடு இப்போது மிகப் புகழ்பெற்ற ஒரு பல்வரிசைக்கு வருவோம்.

1959 ஜூலை 17. தான்சானியாவின் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கு. புதைபடிவங்களைத் தேடி வந்த லூயி லீக்கி உடம்பு சரியில்லாமல் முகாமில் படுத்திருக்க, அவர் மனைவி மேரி லீக்கி தனியாகத் தேடப் போனார். சரிவில் நீட்டிக்கொண்டிருந்த எலும்பைக் கண்டு மண்ணைத் தூரிகையால் விலக்கினார். மேல்தாடையில் பதிந்த இரண்டு பெரிய பற்கள் தெரிந்தன. தோண்டித் தோண்டிச் சேர்த்த துண்டுகள் ஒரு மண்டையோடாயின. வயது ஏறக்குறைய 17.5 லட்சம் ஆண்டு. லீக்கி தம்பதியர் அதை அருமைப் பிள்ளை என்று கொஞ்சினார்கள். அறிவியல் அதற்கு இன்று பராந்த்ரோபஸ் பாய்சி என்று பெயர் சொல்கிறது. மக்களிடம் ஒட்டிக்கொண்ட பெயர் கொட்டையுடைப்பான்.

அந்தப் பெயருக்குக் காரணம் இருந்தது. கடைவாய்ப்பற்களை நம்முடையவற்றின் அருகே வைத்தால் நம் பற்கள் பால்பற்கள்போலத் தோன்றும். எனாமல் மனித வம்சத்திலேயே மிகத் தடித்தது. கன்ன எலும்புகள் அகன்று முன்னே தள்ளியிருக்கின்றன. உச்சந்தலையில் சேவல் கொண்டைபோல ஓர் எலும்பு வரம்பு நிற்கிறது. மெல்லும் தசைகள் அங்கே வரை ஏறிப் பற்றியிருந்ததன் அடையாளம் அது. இத்தனை ஆயுதங்களைக் கண்டவர்கள் இது கொட்டை உடைக்கப் பிறந்த வாய் என்று முடிவு கட்டியதில் தவறு சொல்ல முடியாது. அரை நூற்றாண்டு பாடப்புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின.

2008-ல் உங்கர், கிரைன், டீஃபோர்டு மூவரும் பாய்சியின் ஏழு பற்படிவங்களை நுண்ணோக்கியில் வைத்தார்கள். குளக்கரையை எதிர்பார்த்த இடத்தில் அது இல்லை. ஏழிலும் மென்மையான, ஆழமில்லாத கோடுகள். கொட்டை உடைத்த குழிகள் எதிலும் இல்லை. அந்த ஏழு உயிர்களும் பல லட்சம் ஆண்டு இடைவெளியில் வாழ்ந்து மடிந்தவை. ஒன்றின் கடைசி வாரம் தற்செயலாக மென்மையாக அமைந்திருக்கலாம். ஏழின் கடைசி வாரமும் அப்படி அமைவது தற்செயலாகுமா?

2011-ல் வேறொரு திசையிலிருந்து சாட்சி வந்தது. வெப்பமண்டலப் புல்லும் கோரையும் காற்றிலுள்ள கார்பனைச் சேர்க்கும் விதம் மரஞ்செடிகளின் விதத்திலிருந்து வேறுபட்டது. அதனால் அவற்றில் கனமான கார்பன்-13 கூடுதலாகத் தங்குகிறது. தின்றவரின் எனாமலிலும் அந்த விகிதம் உறைந்துவிடுகிறது. துர் செர்லிங் குழுவினர் 22 பாய்சிகளின் எனாமலை அளந்தபோது உணவில் முக்கால் பங்குக்கு மேல் புல் அல்லது கோரை வகையிலிருந்து வந்ததென்று தெரிந்தது. கொட்டையுடைப்பான் என்று பெயர் வாங்கிய அந்தப் பெருவாய், நாளெல்லாம் புல்லையோ கோரையையோ குதப்பிக் குதப்பி அரைத்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய பல்லும் அவ்வளவு தடித்த எனாமலும் ஒரே அடியில் உடைக்க வந்த சம்மட்டி என்று நினைத்தோம். முடிவில்லாமல் அரைக்க வந்த ஆட்டுக்கல்லாக இருக்கலாம். எத்தனை தேய்ந்தாலும் மிச்சம் இருக்க வேண்டும் என்றுதான் அந்தத் தடிமன் போலும்.

அதே குடும்பத்தின் தென்னாப்பிரிக்கக் கிளை பராந்த்ரோபஸ் ரோபஸ்டஸ். 1938-ல் ராபர்ட் புரூம் உலகுக்கு அறிவித்த இனம். அதற்கும் பெரிய பல், தடித்த எனாமல், உச்சிவரம்பு. ஆனால் அதன் பற்களை எடுத்தால் சிலவற்றில் சிக்கல் மிகுந்த பரப்பு, குழிகள். சிலவற்றில் இல்லை. கடினமானதையும் கடித்திருக்கிறது, எப்போதும் அல்ல. ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற இரண்டு வாய்கள், இரண்டு நிலங்களில் இரண்டு வாழ்க்கை வாழ்ந்திருக்கின்றன. வடிவத்தை மட்டும் பார்த்திருந்தால் இந்த இரண்டு வாழ்க்கையும் ஒன்றாகக் கலந்து போயிருக்கும்.

வடிவம் ஒன்று சொல்ல வாழ்க்கை வேறாக இருப்பது எப்படி? உகண்டாவின் கிபாலே காட்டில் இதற்குக் கண்கண்ட விடை இருக்கிறது. அங்கே சாம்பல்கன்ன மங்காபே என்ற குரங்கும் செவ்வால் குரங்கும் ஒரே மரங்களில் ஒரே கனிகளைத் தின்கின்றன. மங்காபேயின் எனாமல் தடித்தது, செவ்வாலின் எனாமல் மெல்லியது. கனி பழுத்துக் குலுங்கும் நாட்களில் இந்த வேறுபாட்டுக்கு வேலையே இல்லை. 1997-ல் கனிகள் அருகின. அப்போது மங்காபே மரப்பட்டையையும் கடின விதைகளையும் நாடியது. செவ்வாலால் அது முடியவில்லை. அந்தத் தடித்த எனாமல் அன்றாடச் சாப்பாட்டுக்கானது அல்ல, பஞ்சத்துக்கானது. நம் வீடுகளில் குதிரில் போட்டு வைத்த கேழ்வரகுபோல, நல்ல நாளில் யாரும் அதைத் திறப்பதில்லை. ஆனால் குடும்பம் பிழைத்தது அதனால்தான் என்பது பஞ்சம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல்லின் வடிவம் ஒரு வம்சம் சந்தித்த மிக மோசமான ஆண்டின் நினைவு. தேய்மானம் ஓர் உயிர் கண்ட சாதாரண வாரத்தின் நினைவு. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் பஞ்சமும் விருந்தும் சேர்ந்த முழு வாழ்க்கை தெரிகிறது.

கோடுகளை எழுதிய துகள் எது என்பதில் ஆய்வாளர்களுக்குள் வழக்கு தீரவில்லை. புல்லின் உடம்பில் சிலிக்காவால் ஆன நுண்மணிகள் உண்டு. அவைதான் பல்லைக் கீறுகின்றன என்று நெடுநாள் சொன்னார்கள். 2013-ல் பீட்டர் லூகாஸ் குழுவினர் ஒற்றை மணியை எனாமலின் மேல் இழுத்துப் பார்த்தார்கள். தாவரமணி எனாமலை அழுத்தித் தள்ளியதே தவிரச் சீவி எடுக்கவில்லை. சீவி எடுத்தது மண்ணில் உள்ள குவார்ட்ஸ் துகள். மென்மையான துகளும் தேய்க்கும் என்று வேறு சிலர் மறுத்தார்கள். 2020-ல் ஒராங்குட்டான் பல்லின்மேல் விதையோட்டுத் துண்டுகளை உரசிப் பார்த்தபோது அநேகமாகத் தடமே விழவில்லை. அப்படியானால் கொட்டையுடைப்பானின் வழக்கையே மறுபடி திறக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு இந்த வழக்கே நயமாகப் படுகிறது. தரையோரம் தின்றவன் பல்லில் புழுதி கூடுதலாகப் பேசும். மர உச்சியில் தின்றவன் பல்லில் குறைவாகப் பேசும். அந்தக் கோட்டில் எழுதப்பட்டது உணவு மட்டுமல்ல, உணவு கிடந்த இடமும், அன்றைய காற்றும், மழை பெய்ததா காய்ந்ததா என்பதும்கூட.

உணவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தடமும் உண்டு. அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூர்க் காடுகளில் 2022-ல் நாட்டின் முதல் தேவாங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அந்தத் தேவாங்கின் கீழ்வாய் முன்பற்கள் ஆறும் முன்னோக்கிப் படுத்து, நெருங்கி, ஒரு சீப்பாக அமைந்திருக்கின்றன. மடகாஸ்கரின் லெமூர்கள் பலவற்றுக்கும் அப்படித்தான். இந்தப் பற்சீப்பை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் பல்லிடுக்குகளில் மிக நுண்ணிய வரிப்பள்ளங்களைக் கண்டார்கள். அவற்றைப் போட்டது முடி. தன் மயிரையும் துணையின் மயிரையும் கோதிக் கோதி, முடி இழுபட்டு இழுபட்டு, உடம்பின் மிகக் கடினமான பொருளில் பள்ளம் விழுந்திருக்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதை நாம் உவமையாகச் சொல்வோம். முடி ஊரப் பல் தேய்ந்ததை அங்கே கண்ணால் காணலாம்.

தடங்களைப் பேசினோம். தேய்மானம் பெருகிப் பல்லே உருமாறும் கதை இன்னொன்று. அம்மி தேய்ந்தால் வழுவழுக்கும், கொத்துகிறவர் வந்தால்தான் மறுபடி அரைக்கும். இலைதின்னிகளின் பல்லோ தேயத் தேயக் கூராகிறது. மேட்டின் உச்சியில் எனாமல் தேய்ந்து விலகியதும் உள்ளேயிருக்கிற டென்டைன் வெளிப்படுகிறது. டென்டைன் எனாமலைவிட மென்மையானது, ஆகவே சீக்கிரம் குழிகிறது. குழியைச் சுற்றி எனாமல் விளிம்பு கத்திபோல நிற்கிறது. உணவே உளியாகிப் பல்லைக் கொத்திக் கொடுக்கிறது. பிறந்த அன்று முடிந்துபோன வேலை அல்ல பல். வாழ்க்கை முழுவதும் செதுக்கப்படும் வேலை. ஆனால் கொத்துவதற்குக் கல் மிஞ்சியிருக்கும் வரைதான் கொத்து.

மடகாஸ்கரின் தென்மேற்கில் பெசா மகாஃபாலி என்ற காப்பிடத்தில் வளையவால் லெமூர்கள் புளியமரங்களை நம்பி வாழ்கின்றன. நம் ஊர்ச் சாலையோரப் புளியமரமேதான். வறண்ட மாதங்களில் வேறு உணவு குறைந்தால் புளியம்பழம்தான் கதி. நமக்குப் புளி தின்றால் பல் கூசும். அவற்றுக்குப் பல்லே போய்விடுகிறது. லெமூரின் எனாமல் மெல்லியது, புளியம்பழத்தின் ஓடு கடினமானது. ஓட்டைக் கடிக்கிற இடத்துப் பற்கள் வேர் வரைக்கும் தேய்ந்து விழுவதை ஃபிராங்க் குவோசோவும் மிஷல் சாதரும் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தார்கள். வியப்பு அதற்குப் பிறகுதான். பெரும்பாலான பற்களை இழந்த லெமூர்களும் கூட்டத்தோடு சுற்றிக்கொண்டு, மற்றவை உடைத்துப் போட்ட பழத்தின் சதையை நக்கிப் பிழைத்திருக்கின்றன. கடிக்க முடியாதவற்றுக்கும் கூட்டத்தின் பந்தியில் இடம் இருக்கிறது.

அதே தீவின் தென்கிழக்கில் ரனோமஃபானா மழைக்காடு. அங்கே பாட்ரிசியா ரைட் 1980-களிலிருந்து சிஃபாக்கா என்ற இலைதின்னி லெமூர்களைப் பின்தொடர்ந்து வந்தார். தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விலங்குகள் அவை. ஸ்டீவன் கிங் அவருடன் சேர்ந்து அவற்றின் பற்களின் வார்ப்புகளை வயதுவாரியாக வைத்துப் பார்த்தார். 2005-ல் அந்த ஆய்வு வெளியானது. ஏறக்குறைய 18 வயது வரைக்கும் தேய்மானமே பல்லைக் காத்து வருகிறது. ஒரு விளிம்பு மழுங்கினால் இன்னொரு விளிம்பு வெளிப்பட்டுக் கத்தரிக்கும் வேலையை எடுத்துக்கொள்கிறது. அதன்பின் வெளிப்பட விளிம்பு மிஞ்சுவதில்லை. பல் தட்டையாகிறது. ஆனால் தாய்மை அப்போதும் நிற்பதில்லை. வயதான சிஃபாக்கா குட்டி போடுகிறது, சுமக்கிறது, பாலூட்டுகிறது. அந்தக் குட்டிகள் பிழைக்கின்றனவா என்று கணக்குப் பார்த்தபோது விடை வானத்தில் இருந்தது. பாலூட்டும் மாதங்களில் மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் முதிய தாயின் குட்டியும் பிழைத்தது. மழை குறைந்த ஆண்டுகளில் பிழைக்கவில்லை. பல் கூராக இருந்த இளந்தாய்களுக்கு மழை அப்படியொரு தீர்ப்பாக இருக்கவில்லை.

மில்லிமீட்டரின் பின்னங்களில் அளக்கிற ஒரு விளிம்பு மழுங்கியதும், ஒரு குட்டியின் உயிர் பருவமழையின் கைக்குப் போய்விடுகிறது. அந்த விளிம்பு இருந்த நாள் வரைக்கும் தாய்க்கும் மழைக்கும் நடுவே அது நின்று காத்திருக்கிறது. பாட்டி அம்மியைத் தடவிப் பார்த்துவிட்டு "மழுங்கிடுச்சு" என்று சொன்ன குரல் இப்போது வேறு மாதிரி கேட்கிறது. கல் மழுங்கினால் கொத்துகிறவர் தெருவில் வருவார். ரனோமஃபானாவின் மரக்கிளையில், குட்டி மடியில் தொங்க, ஈரத்தழையை மெல்ல மெல்ல மசிக்கிற முதிய தாய்க்கு வர வேண்டியது மழை ஒன்றுதான்.